பியானோ மிஸ்ஸுக்கு என்ன விலை?

காய்கறி வியாபாரத்தில் எடையைத் தராசு சொல்லும். விலையை வாங்க வருகிறவரின் முகம்தான் சொல்லும். கடை போட்டு வெயிலில் நின்ற யாரும் இதை மறுக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுனில் நான் கடை வைத்திருந்தபோது, இந்தத் தொழில் தர்மத்தையே ஒரு வெள்ளைக்காரம்மா ஆட்டம் காண வைத்தார்.

முகத்துக்கு ஏற்ற விலை

ஹங்கேரி நாட்டுக்காரர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்க வந்தவர். பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் பியானோ மிஸ் ஆகிவிட்டார். முதல் நாள் தக்காளியைத் தொட்டுக் காட்டி, "எவ்வளவு?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். தெருவுக்கே கிலோ ஐந்து ரூபாய்க்குப் போன தக்காளி. வெள்ளைத் தோலைக் கண்டதும் என் வாய் தானாகப் பன்னிரண்டு என்றது. மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை முனிரத்தினத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "இருபது சொல்லியிருந்தாகூட பேசாம குடுத்திருக்கும் குரு. உனக்குத்தான் தைரியம் பத்தல."

இருபதாம் தேதி

பள்ளிக்கூடத்து ஆயாம்மாவிடம் அவர் மளமளவென்று தமிழ் கற்றுக்கொண்டார். ஆனால் மாதம் நகர நகர, கூடை இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் பீன்ஸை எடுத்தார், விலை கேட்டார், திரும்ப வைத்துவிட்டார். கடைசியில் இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு வெங்காயமும். ஊருக்குக் கிளம்புகிறாரோ என்று கேட்டேன்.

"இல்ல அண்ணா. எனக்கு ஊர்ல இருந்து பணம் வராது. ஸ்கூல் சம்பளம்தான், அதுவும் ரூபாய்ல. உங்க விலையில இருபதாம் தேதியோட சாப்பாடு முடிஞ்சிடுது."

பின்னால் ஒரு காது

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்றிச் சொல்லிப் பழகிய விலையை இறக்குவது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம், தெரியுமல்லவா? நான் தயங்கிக்கொண்டிருக்க, அவர் காத்திருக்கவில்லை. எங்கள் தெருவில் பேரத்துக்குப் பேர்போன சரோஜாக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா பேசி முடித்துக் காசு கொடுத்ததும், "எனக்கும் அதே" என்றார். அக்காவின் விலைக்கே நிறுத்துப் போட்டேன்.

மறுநாள் நானும் புத்திசாலித்தனம் காட்டினேன். மிஸ் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, சரோஜாக்காவுக்கே பன்னிரண்டு சொன்னேன். அக்கா பையைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, நேத்து ராத்திரி தக்காளிக்கு வெள்ளி முலாம் பூசினியா?"

பேரம் பேசியவர் யார்?

சங்கீதக் காதுக்கு ஒரு தடவை கேட்டால் போதும் போலிருக்கிறது. யாருக்கு எதை என்ன விலைக்குக் கொடுத்தேன் என்பது எனக்கே மறந்துபோகும், மிஸ்ஸுக்கு மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் சரோஜாக்கா பத்து ரூபாய் பீன்ஸை எட்டுக்கு இறக்கிவிட்டுக் கம்பீரமாகத் திரும்பினார். மிஸ் வெகு சாதாரணமாக, "அக்கா, காலையில டெய்லர் வீட்டம்மாவுக்கு ஏழு" என்றார்.

விஷயம் குழாயடி வரை போய்விட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நான் ஒவ்வொரு விலை வைத்திருந்தது தெரிந்து, அடுத்த நாள் என் கடைப் பக்கம் யாருமே ஒதுங்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ மரியாதை. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடிய அந்தப் பெண் கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு சும்மா நின்றே ஜெயித்துவிட்டார். சரோஜாக்கா மட்டும் வந்து, எதுவும் வாங்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

"இத்தனை வருஷமா நான் பேரம் பேசறேன்னு நெனச்சேன். நீ என்னைப் பேச விட்டிருக்கே."

சிலேட்டு

வேறு வழியில்லை. என் மகளின் பழைய சிலேட்டை வாங்கி, ஒவ்வொரு காய்க்கும் எல்லாருக்கும் ஒரே விலை என்று எழுதித் தொங்கவிட்டேன். அந்தத் தெருவில் அதுதான் முதல் சிலேட்டு. முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான். சரோஜாக்கா வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். மிஸ் வந்ததும், பாராட்டு வாங்கும் ஆசையில் சிலேட்டைத் துடைத்து நேராக வைத்தேன்.

மேலிருந்து கீழ்வரை படித்தார். தக்காளி ஐந்து என்ற இடத்தில் நின்றார். ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்தார், அச்சு அசல் சரோஜாக்காவைப் போலவே. பிறகு என்னிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இது ஊருக்குப் புதுசா வரவங்களுக்கு, அண்ணா. எனக்கு என்ன விலை?"

நாலரைக்குக் கொடுத்து, கேட்காமலே கொசுறாகக் கறிவேப்பிலையும் வைத்தேன். அன்றிலிருந்து முப்பதாம் தேதியும் மிஸ்ஸின் கூடை நிறைந்துதான் போனது, பன்னிரண்டு சொன்ன வாய்தான் இன்றுவரை மூடிக்கிடக்கிறது.