கல்லறை டப்பா

அறுவைச் சிகிச்சை வார்டில் அவளுக்கு 'முறைப்பு அக்கா' என்று பெயர். வலி மருந்தின் மிச்சத்தை யாராவது கொட்டப் போனால், கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அவர்கள் கையையே முறைத்துக்கொண்டு நிற்பாள். "என் மாமியார்கூட என்னை இப்படிப் பாத்ததில்லக்கா" என்று புதிதாக வந்த நர்சுகள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள்.

முன்பு அவள் அப்படி இல்லை.

அந்த மருந்து வலியைக் கொல்லும். கொஞ்சம் இடம் கொடுத்தால் ஆளையும் கொல்லும். ஒரு குப்பியில் பாதி நோயாளிக்குப் போதும் என்றால், மீதியை வைத்திருக்கக் கூடாது, சாக்கடையிலும் விடக் கூடாது. ஊசியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவுக்குள் பீய்ச்ச வேண்டும். உள்ளே இருக்கும் பொடி, அந்த மருந்தைக் குடித்துக் கல்லாக இறுகிவிடும். அப்புறம் எவன் வந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நர்சுகள் அதற்குக் கல்லறை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தி கொட்ட வேண்டும். இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்த்து, "பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான்.

விதிக்கு மேல் ஒரு நாகரிகம் இருந்தது. கொட்டுகிறவளின் கையை உற்றுப் பார்த்தால் அவளைத் திருடி என்று சொன்னதற்குச் சமம். ஆகவே சாட்சிக்கு வருகிறவள் பக்கத்தில் வந்து நிற்பாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள், "பாத்தேன்" என்பாள். யாரும் சொல்லித் தராமலே வார்டு முழுக்க இது பழகிப்போயிருந்தது.

சிட்டும் இவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆள் சிறியவள் என்பதால் சிட்டு. தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியே இடுப்பு போனது அவளுக்கு. விடுப்பு கேட்டுப் போவாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்பார். வெளியே வந்து சிட்டு அதேபோலக் கண்ணாடி துடைத்துக் காட்டுவாள். "பாக்கலாம், பாக்கலாம்! கண்ணாடி இல்லாம என்னத்தடி பாக்கும் அந்தம்மா?" வார்டே சிரிக்கும்.

பிறகு கொஞ்சநாளில் சிட்டு விடுப்புக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நடை இலகுவானது. மிச்ச மருந்து எந்தக் கட்டிலில் இருந்தாலும், "நீ போடி, நான் கொட்டிடறேன்" என்று வாங்கிக்கொள்வாள். எவ்வளவு நல்ல மனசு என்று பேசிக்கொண்டார்கள். சாட்சிக்குப் பெரும்பாலும் இவள்தான் போனாள். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடம் தெரியும். ஆம்புலன்ஸின் ஒவ்வொரு கீறலும் இவளுக்கு மனப்பாடம்.

ஒரு மத்தியானம் சிட்டைக் காணோம். துணி அடுக்கும் அறையில், போர்வைக் கட்டுகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்து இவள் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருடி, டீ ஆறுது."

தோள் சில்லிட்டிருந்தது. மடியில் ஒரு காலி ஊசி.

மருந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. ஆஸ்பத்திரிக்கு உடனே ஒரு பதில் வேண்டும். மலிவான பதில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தது. வார்டைக் கூட்டித் துடைக்கிற வாளியம்மாவின் குப்பைப் பையில் காலிக் குப்பிகள் கிடந்தன. அடியில் ஒட்டியிருந்த சொட்டுகளைச் சேர்த்துச் சிட்டுக்கு விற்றாள் என்று கதை கட்டினார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வராதே என்றார்கள்.

வாசலில் வாளியம்மா இவளைப் பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா, குப்பை அள்ளுறவ பையில குப்பை இல்லாம பூவா இருக்கும்? பெரியவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க. இந்த வேலையும் போச்சுன்னா என்னால எந்த வாசல்லயும் நிக்க முடியாது. திருடின்னு முத்திரை குத்தினவளை எவ கூப்பிடுவா?"

இவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையைத் துடைக்கக் கல்லறை டப்பாவை ஓரமாகத் தூக்கினாள்.

சலசல என்றது.

இத்தனை நாள் இத்தனை மருந்து விழுந்த டப்பா கல்லாகக் கனத்திருக்க வேண்டும். உள்ளே பொடி அப்படியே உலர்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் வீட்டுக்கும் வந்தது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று புருஷன் உப்பு டப்பாவை எடுத்துக் குலுக்கினான். சலசல. அவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் நடுங்கிப்போனான். பேருந்து ஓட்டுகிறவன், இருட்டுக்குப் பயப்படமாட்டான், ஆவி என்றால் பயம். "செத்தவ பேரைக் கெடுக்காத. அவ ஆவி உன்னைச் சும்மா விடாது."

"வரட்டும். வந்தா கையோட கூட்டிட்டுப் போய்ச் சாட்சி சொல்ல வைப்பேன். ஆவி வராது, அதான் பிரச்சனை. நான்தான் போகணும்."

"வேலை போயிடும்டி."

"யாராவது ஒருத்திக்குப் போகப்போகுது. அது ஏன் எப்பவும் வாளி தூக்குறவளுக்கே போகணும்?"

விசாரணை அறைக்கு டப்பாவைக் கையிலேயே எடுத்துப் போனாள். கண்காணிப்பாளர், மேட்ரன், ஓர் ஓரத்தில் உட்காரச் சொல்லப்படாத வாளியம்மா. யாரும் எதுவும் கேட்பதற்குள் டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள்.

"புது டப்பாவா இருக்கும்" என்றார் மேட்ரன்.

"புதுசு இல்ல மேடம். சிட்டு கொட்டினதா சொன்னதெல்லாம் இதுலதான். ஒரு சொட்டு விழலை. வாளியம்மா குப்பை அள்ள வர்றதுக்கு முன்னாடியே மருந்து சிட்டு கைக்குப் போயிடுச்சு."

"நீங்கதானே சாட்சி? பாத்தேன்னு சொல்லியிருக்கீங்களே?" என்றார் கண்காணிப்பாளர்.

"சொன்னேன் சார். பாக்கலை. ஜன்னலைப் பாத்துட்டு நின்னேன்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடுப்பு வலிக்குதுன்னு அவ லீவு கேட்டப்ப நீங்க 'பாக்கலாம்'னீங்க மேடம். மருந்தைக் கொட்டுறேன்னு அவ சொன்னப்ப நாங்க 'பாத்தேன்'னோம். நீங்களும் பாக்கலை, நாங்களும் பாக்கலை. இந்த அம்மா தரையைப் பாத்துக் கூட்டினா. அதுக்கா தண்டனை?"

வாளியம்மா வேலைக்குத் திரும்பினாள். இவளுக்குக் கண்டனமும் சம்பள உயர்வு நிறுத்தமும் வந்தன. மேட்ரனுக்கு எதுவும் வரவில்லை. அந்த அநியாயத்தை இவள் இன்றும் பேச்சு வரும்போதெல்லாம் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் சிட்டின் அம்மா வாசலில் காத்திருந்து, "செத்தவ வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி, உன்னை அவ அக்கான்னுதானே சொல்லுவா" என்று அழுதபோது, அந்த அம்மாவின் தோளைத் தொடக் கை நீண்டது. பாதியில் நின்றுவிட்டது.

துணி அறைக்கு இவள் போவதில்லை. போர்வை வேண்டுமென்றால் வாளியம்மா கேட்காமலே எடுத்து வந்து தருவாள். வீட்டில் உப்பு வாயகன்ற கிண்ணத்தில் இருக்கிறது.

நேற்று ஒரு புது நர்ஸ் மிச்ச மருந்தைக் கொட்டினாள். இவள் கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். பிறகு டப்பாவைத் தூக்கிக் காதருகே குலுக்கினாள். சத்தமில்லை. மறுபடியும் குலுக்கினாள்.

"என்னக்கா, என் மேல சந்தேகமா?" அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

முறைப்பு அக்கா டப்பாவை வைத்துவிட்டு, முதல்முறையாக அவள் கையை விட்டு முகத்தைப் பார்த்தாள்.

"இடுப்பு எப்படி இருக்கு உனக்கு?"