சாட்சிக்கு வைத்த மாப்பிள்ளை

என்னிடம் இன்னும் பத்திரமாக இருக்கும் ஓர் அஞ்சலட்டையில் இப்படி எழுதியிருக்கிறது: "இன்று சார்வரி ஆண்டு தை மாதம் முதல் தேதி. இன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருப்பேன். ஒரு நாளும் தவற மாட்டேன். தவறினால் என்னை மனிதனாக மதிக்க வேண்டாம். இதற்கு நீயே சாட்சி. உன் டைரியில் தினமும் குறித்து வை."

ஆங்கிலத் தேதி 14-1-1961, சனிக்கிழமை. அஞ்சல் முத்திரையில் 17 என்று தெளிவாக விழுந்திருக்கிறது. 'இன்று முதல்' என்று எழுதியவருக்கு அந்த அட்டையைப் பெட்டியில் போடவே மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதுவாவது போகட்டும். தை முதல் தேதி என்றால் பொங்கல். இன்ஸ்டிட்யூட் அன்றும் அடுத்த இரண்டு நாளும் பூட்டிக் கிடந்தது. நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிறவர்கள், அந்த நல்ல நாளில் கதவு திறந்திருக்குமா என்று மட்டும் பார்ப்பதில்லை.

எழுதியவர் தூரத்து உறவில் எனக்கு மச்சான் முறை. நான்கு வயது மூத்தவர். நான் நல்லூரிலிருந்து சைக்கிளில் போய் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே முதலாளியின் சலவைப் பட்டறையில் அவருக்கு வேலை. மெஷினிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். அதைச் சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, கையால் முறுக்கிப் பிழிந்து, களத்தில் காயப்போட வேண்டும். கையுறை என்ற சொல்லையே அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை. ஆறு வருஷத்தில் அவர் விரல் நுனிகள் வெடித்து, நகக்கண் எல்லாம் வெளுத்துப் புண்ணாகிவிட்டன. முறுக்கிப் பிழியும்போது இடது கைச் சுண்டுவிரல்தான் அடியில் அகப்படும். அதில் நகமே இல்லை. இந்த வேலையை விடாவிட்டால் விரல்கள் மரத்துப்போகும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர் அவரிடம் சொல்லியிருந்தார். விடுவதற்கு ஒரு வழியும் அந்த மார்கழியில் தானாகவே வந்தது.

முதலாளி பட்டறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கல்கத்தாக்காரன் இங்கிலீசுல எழுதறான். நாம வக்கீல் குமாஸ்தா ஊட்டு வாசல்ல நின்னு பதில் அடிச்சு வாங்கிட்டு வாரம். வெக்கமா இருக்குதப்பா. நம்மாளுல ஒருத்தன் டைப்பிங் லோயர் பாஸ் பண்ணிட்டு வரட்டும், ஆபீஸ்ல சேர் போட்டுத் தாரன். அடுத்த தைக்குள்ள. அதுக்கு மேல வெளியாளுதான்."

ஒரே ஒரு நாற்காலி, ஒரு வருஷ அவகாசம். மச்சானின் விரல்கள் அந்த நாற்காலியை நம்பியிருந்தன. மூன்று வாரம் கழித்துத்தான் அந்த அட்டை எனக்கு வந்தது.

ஆளைக் கண்ணால் பார்க்காமல் டைரியில் எதையும் குறிப்பது என் வழக்கமில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையில் அந்த இன்ஸ்டிட்யூட் இருந்தது. முதல் நாள் நான் போய்ச் சுவரோரம் நின்றேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்கறதுக்கு எடமில்லீங்க. சேர்ந்து உக்காருங்க, இல்லீன்னா எறங்கிப் போங்க."

சேர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு டைப்பிங்கில் ஆசை எதுவும் இருந்ததில்லை. மெஷின் வேலை பிடித்திருந்தது. என் கைகள் நன்றாக இருந்தன.

ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். இடது கையின் சுண்டுவிரலில் ஆரம்பிக்கும் பாடம். இதையே ஒரு மாதம் அடிக்க வேண்டும். மச்சான் அடித்தால் 'ஏ' மட்டும் காகிதத்தில் சரியாகப் பதியாது. மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"ஏனுங்க, 'ஏ' எங்கீங்க? பேயாட்டம் மசமசன்னு நிக்குது."

"அந்த வெரலு சொன்னாக் கேக்க மாட்டேங்குதுங்க."

"கேக்கற வரைக்கும் அடிங்க. அந்த வெரலு எல்லாத்துக்குமே சோம்பேறிதானுங்க."

டைரியில் அவர் வந்த நாளுக்கு வட்டம், வராத நாளுக்குப் பெருக்கல் குறி. அட்டை கைக்கு வந்து பத்து நாள் ஆவதற்குள் முதல் பெருக்கல் விழுந்தது. அன்று தைக் கிருத்திகை. மறுநாளும் பெருக்கல். அதற்கு மறுநாள் கால் வீங்கி, நொண்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"ஏனுங் மச்சா, ரெண்டு நாளாக் காணோம்?"

"மலைக்கு நடந்தே வாரன்னு வேண்டிருக்கறன் மாப்ளே. பாஸாகற வரைக்கும் மாசாமாசம் கிருத்திகைக்கு."

"மாசம் ரெண்டு மூணு நாள் போயிருமுங்களே?"

"முருகன் பாத்துக்குவான்."

"முருகனுக்கு டைப்பிங் தெரியுமுங்களா?"

"மொதல்ல வாயக் கழுவுடா."

எனக்கு முருகனோடு எந்த வழக்கும் இல்லை. காலை ஆறு மணிக்கு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகாதே என்று அவர் யாரிடமும் சொன்னதாக நான் படித்த எதிலும் இல்லை. எனக்கு இளக்காரமாக இருந்தது மச்சானின் பேரம்தான். ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் ஈடாக அவர் ஒரு புது விரதத்தை ஏற்றுக்கொண்டார். மாசியில் நாலு நாள் விட்டதற்குச் செருப்பைக் கழற்றினார். பங்குனியில் பாஸாகும் வரை தாடி எடுப்பதில்லை என்று வைத்தார். சித்திரையில் செவ்வாய்க்கிழமைகளில் உப்பு கிடையாது என்றானது. ஆடியில் விடியற்காலையில் தலைக்கு நீர் ஊற்றி, கோயிலை ஒன்பது சுற்று சுற்றுவது சேர்ந்தது. ஒன்பதாவது சுற்று முடியும்போது மணி ஏழாகிவிடும். அப்புறம் எங்கே டைப்பிங்?

ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் என் டைரிக்கு அர்த்தமில்லை. அந்த விரதங்களையும் நான் தனிப் பக்கத்தில் குறித்துவந்தேன். அவற்றில் ஒரு பெருக்கல்கூட இல்லை. ஒரு செவ்வாயும் உப்பு பட்டதில்லை. ஒரு கிருத்திகையும் பஸ் ஏறியதில்லை. தார் உருகும் வெயிலில் வெறுங்காலோடு பட்டறைக்கு வந்தார். மன உறுதி இல்லாதவர் என்று அவரைச் சொன்னால் அது பொய். ஊரிலேயே உறுதியான மனிதர் அவர்தான். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, பதியாத 'ஏ'யைப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு எதைச் செய்யச் சொன்னாலும் செய்தார். மலை ஏறுவதைவிட அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். மலையில் யாரும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை.

நானோ ஒரு நாளும் விடவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. அவர் வந்தாரா இல்லையா என்று பார்க்கத்தான் தினமும் எழுந்து போனேன். மாடியேறி, அவருடைய மூன்றாம் நம்பர் மெஷின் மூடியிருப்பதைக் கண்டால் எனக்குள் ஒரு திருப்தி உண்டாகும். அந்தத் திருப்தியோடு ஒரு மணி நேரம் அடிப்பேன். இப்படியே ஆவணிக்குள் என் விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்துவிட்டன. பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லி மாஸ்டர் கேட்டபோது இருவர் பெயரையும் கொடுத்தேன்.

பரீட்சை கோயமுத்தூரில், ஐப்பசியில். அந்தத் தேதி கந்த சஷ்டியின் ஐந்தாம் நாளில் விழுந்தது. சஷ்டி தொடங்குவதற்கு முன்தினம் நான் பட்டறைக்குப் போனேன். மச்சான் தொட்டியோரம் குனிந்து துணியை அலசிக்கொண்டிருந்தார். தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது.

"மச்சா, பரீட்சை தேதி ஞாவகம் இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆறு நாளும் மலையிலயே தங்கி வெரதம் இருக்கறன்னு வேண்டிருக்கறன்."

"அஞ்சாம் நாள் எறங்கி வந்துட்டுப் போயிருங்க."

"நடுவுல எறங்கலாமா? பாஸாகோணும்னுதானே வெரதமே ஏத்திருக்கறன். வெரதத்த ஒடச்சுப்போட்டுப் பரீட்சைக்குப் போனா பாஸாகுமா?"

"பரீட்சைக்கே போகாம எப்படீங்க பாஸாகறது?"

"அடுத்த பரீட்சை இருக்குதல்லொ."

"சேரு இருக்குமுங்களா?"

அவர் துணியை முறுக்கிப் பிழிந்தார். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீ போறயா?"

"போறனுங்க."

"உனக்கு எதுக்கு அது? உன்ற கை நல்லாத்தானே இருக்குது."

அன்றே முதலாளியிடம் போய், அடுத்த பரீட்சைவரை நாற்காலியை வைத்திருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மச்சான் மலைக்குப் போனார். நான் கோயமுத்தூருக்கு ரயில் ஏறினேன். அன்றைய பக்கத்தில் அவருக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், மற்ற நாள்களைவிடச் சற்று அழுத்தமாக.

நான் பாஸானேன். பிலவ ஆண்டு தை மாதம் நாற்காலி எனக்கு வந்தது. முதல் நாள் துணிக் கட்டோடு மச்சான் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். பின்னால் பட்டறை ஆட்கள் நாலு பேர்.

"கும்புடறனுங் மாப்ளே," என்றார். "மாப்ளே மாப்ளேன்னு வாய் நெறையக் கூப்புட்டனல்லொ, அது பலிச்சுப்போச்சுங்க. சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவரு மணவறையில ஏறி உக்காந்துட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை என்னை 'நீ' 'வா' 'போடா' என்று கூப்பிட்டவர் அன்று போட்ட 'ங்க'வைப் பிறகு எடுக்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மரியாதை கொடுத்தே ஒரு மனிதனைத் தள்ளி நிறுத்தலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி என்னைக் காட்டி, "ஒரு நாள் தவறல பாரு, அதுதாண்டா முன்னேற்றம்," என்று சொல்ல ஆரம்பித்தார். 1966இல் நல்லூர் வாலிபர் மன்றத்தில் நல்ல பழக்கங்களை வளர்ப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். போனேன். சிறிது சிறிதாக முயல வேண்டும், நேரம் தவறக் கூடாது என்றெல்லாம் முக்கால் மணி நேரம் பேசினேன். இளைஞர்கள் நோட்டில் 'காலை ஐந்து மணி' என்று எழுதிக் கோடு போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அதே மன்றத்துக்குக் காலையில் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே உண்மையை அந்த மேடையில் நான் சொல்லவில்லை: அடுத்தவன் தோற்பதைப் பார்க்க ஆசைப்பட்டுத் தினமும் எழுந்து போனேன், வேறு ஒன்றுமில்லை. மாலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் விஷயத்தில் என் டைரியில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாற்காலி கிடைத்த பிறகு நான் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகவில்லை. போகாததால் குறிக்கவுமில்லை. 1962க்குப் பிறகு அவர் பெயருக்கு நேரே வட்டமும் இல்லை, பெருக்கலும் இல்லை. அவர் நின்றுவிட்டார் என்றே நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். என் கையில் அதற்குச் சான்று எதுவும் கிடையாது. இன்ஸ்டிட்யூட் பிற்பாடு மூடப்பட்டது. அதன் வருகைப் பதிவேடு எங்கே போயிற்று என்று விசாரித்தும் தெரியவில்லை. 1968இல் மச்சான் பட்டறையை விட்டுவிட்டு மங்கலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மூட்டை ஏற்றுகிறார் என்றார் ஒருவர். உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றார் இன்னொருவர்.

1974 ஆனி மாதம் அந்த லாரி ஆபீஸிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நூல் பேல் கட்டுகள் எப்போது வந்து சேரும் என்று நான்கு வரி. தப்பில்லாமல் அடித்திருந்தது. கையெழுத்து அந்த ஆபீஸ் முதலாளியுடையது. ஆனால் முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. 'டியர்' என்ற சொல்லில் 'ஏ' மங்கல். கடிதம் முழுவதும் எல்லா 'ஏ'யும் மங்கல். மெஷினில் அந்த ஓர் எழுத்து தேய்ந்திருக்கலாம் என்று நினைத்து மேலும் தேடினேன். 'குவான்டிட்டி' என்ற சொல்லில் 'க்யூ'வும் மங்கலாகவே இருந்தது. இரண்டுமே இடது சுண்டுவிரல் அடிக்கும் எழுத்துகள். தாமாகக் கற்றுக்கொண்டு இரண்டே விரலால் குத்துகிறவர்களுக்கு இப்படி வராது. முறையாகப் பழகி, வலித்தாலும் அந்த விரலையே வைத்து அடிக்கிற ஒருவருக்குத்தான் வரும். அப்படிப் பழகுவதற்குப் பல நூறு காலைகள் வேண்டும்.

கடிதம் கொண்டுவந்த லாரி டிரைவரிடம், ஆபீஸில் தாடி வைத்த ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"தாடியா? அப்படி யாரும் இல்லீங்களே," என்றார்.

பாஸாகும் வரை எடுப்பதில்லை என்று வைத்த தாடி அது. அவர் அங்கே இல்லை என்றும் அந்தப் பதிலுக்கு அர்த்தம் சொல்லலாம், பாஸாகி எடுத்துவிட்டார் என்றும் சொல்லலாம். டிரைவரிடம் நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். மங்கலமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். நான் போகவில்லை. அந்தக் கடிதத்தை அடித்தது என் மச்சான்தானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.