சிரிக்கச் சொன்ன பாடம்

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. பிறகு யாரிடமும் பேசப் பிடிக்காமல் போயிற்று. மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரையோடு, நல்ல உணர்வுகளை வளர்க்கும் ஆன்லைன் பயிற்சி ஒன்றையும் சொன்னார். தங்கைதான் அதை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

'இன்று நடந்த ஒரு நல்லதைக் கவனியுங்கள்' என்றது முதல் பாடம். போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"சர்க்கரையும் எனக்கு, சோர்வும் எனக்கு. இப்ப சிரிக்கிற வேலையும் எனக்கேவா?"

"ஒரு வாரம் பாருக்கா," என்றாள் தங்கை.

வாரக் கடைசியில், அந்தப் பயிற்சியை நடத்தும் பயிற்சியாளர் போனில் கூப்பிட்டார். "கோபமா இருக்கீங்களா?"

"ஆமா."

"இருங்க. கோபப்படாதீங்கன்னு இந்தப் பாடத்துல எங்கயும் சொல்லல."

அந்தப் பதில் பிடித்திருந்தது. தொடர்ந்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

ஒரு மதியம் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, மெக்கானிக் வரும்வரை படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மென்று, நிதானமாக. பசியில் வழக்கமாக நடுங்கும் கை அன்று நடுங்கவில்லை. மாலையில் அதையே பாடத்தில் எழுதினாள். எழுதியதைப் படித்ததும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வேளைக்குச் சாப்பிட வண்டி பழுதாக வேண்டுமா? சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக ஓட்டினால் சர்க்கரை இறங்கும், கண் இருட்டும். தெரிந்தேதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

மறுநாள் டெப்போ மேலாளரிடம் போனாள்.

"மதியம் சாப்பிட நேரம் வேணும் சார்."

"டைம்டேபிள்ல இடமில்லம்மா. மனசுக்கு ஏதோ பாடம் படிக்கிறீங்களாமே, பொறுமை சொல்லித் தரலையா?"

பின்னால் நின்ற ஓட்டுநர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு முகம் கொதித்தது. வண்டிச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"நான் மயங்கி விழுந்தா வண்டியில இருக்கிறவங்க கதி என்ன சார்? நேரம் குடுங்க, சாவியை எடுத்துக்கறேன்."

அவர் வாய் திறப்பதற்குள் இன்னொரு சாவி விழுந்தது. வயிற்றுப்புண்ணோடு ஓட்டுகிறவருடையது. அடுத்து இன்னொன்று. காலை வண்டிகள் கிளம்பவில்லை. மேலதிகாரிகளுக்குப் போன் பறந்தது. மதியத்துக்குள் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம் கிடைத்தது.

சோர்வு போய்விடவில்லை. சில காலைகளில் செருப்பு மாட்டுவதே மலையாக இருக்கிறது. பயிற்சியாளரோடு வாரம் தவறாமல் சண்டை போடுகிறாள், அழைப்பைத் தவறவிடுவதில்லை. மதியம் இன்ஜினை அணைத்து டப்பாவைத் திறக்கிறாள். யாராவது கதவைத் தட்டினால், "சாப்பிடறேன்" என்று மட்டும் சொல்கிறாள்.