நாய் பார்த்த முகம்

நான் வேலை பார்த்த வீட்டில் முதல் கவளம் நாய்க்குத்தான். சோராப் சேட் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டிலிருந்து ஒரு வாய் சோறும் பருப்பும் எடுத்துத் தனியாக வைப்பார். அதை நான் படியிறங்கிப் போய்க் கீழே படுத்திருக்கும் தெருநாய்க்குப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் அவர் சாப்பிடத் தொடங்குவார். ஊரில் நாம் காக்கைக்கு வைப்பதுபோல என்று முதலில் நினைத்தேன். நமக்குக் காக்கை செத்துப்போன முன்னோர். பார்சிகளுக்கோ நாய் நாயாகவே மரியாதைக்குரியது. நாயைக் கண்டால் கல்லைத் தேடி வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் ரயிலேறி வந்தவன் நான். குடியிருப்பது தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் மாட்டுங்கா லேபர் கேம்பில். வயதானவர்களைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, உடுத்திவிட்டுப் பார்த்துக்கொள்வது என் வேலை. சோராப் சேட்டிடம் ஒன்பது வருடம் இருந்தேன். என் சந்திலிருந்து அவர்களுடைய பார்சி காலனிக்கு நடந்தால் இருபது நிமிடம்தான். ஆனால் இங்கே எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டும். அங்கே சாலைக்கு இருபுறமும் மரங்கள் நிம்மதியாகக் கை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒளிப்பானேன், அந்த மரங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவர்களும் வந்தேறிகள்தானே? மதத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பாரசீகத்திலிருந்து கப்பலேறி வந்து குஜராத் கரையில் இறங்கிய கதையைச் சேட் வாரம் ஒருமுறையாவது சொல்வார். இடமில்லை என்று காட்ட அந்த ஊர் ராஜா விளிம்புவரை பால் நிறைந்த பாத்திரத்தை அனுப்பினாராம். இப்படிக் கரைந்து இனிப்பாக இருப்போம் என்று இவர்களுடைய புரோகிதர் அதில் சர்க்கரையைப் போட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் திருப்பி அனுப்பினாராம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஹம்கோ கிஸீனே தூத் நஹி பேஜா, சேட்" என்றேன். எங்களுக்கு யாரும் பால் அனுப்பவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு. அவர் பதறிப்போய்ச் சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து இவனுக்கும் ஒரு கிளாஸ் பால் கொடு என்றார். ஒன்பது வருடமும் குடித்தேன்.

காலையில் குளித்ததும் இடுப்பில் கட்டிய கம்பளி நூலை அவிழ்த்து, மந்திரம் சொல்லி, திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்வார். எழுபத்திரண்டு இழை என்பார். கை நடுங்கினாலும் அதை மட்டும் என்னைத் தொடவிட மாட்டார். என்ன பாஷை என்று கேட்டேன். யாருமே பேசாத பழைய பாஷை, எனக்கும் பாதிதான் புரியும் என்று சிரித்தார். யாரும் பேசாத பாஷை இவர்கள் வாயில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. என் மகளோ எங்கள் தெருமுனைக் கோயிலில் எழுதியிருக்கும் தமிழை என்னைப் படித்துச் சொல்லச் சொல்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, என் கை மேலேயே சேட்டின் மூச்சு நின்றது. டொராண்டோவிலிருந்து ஒரு வாரம் முன்புதான் வந்திருந்த தம்பி மகன் ஜிம்மி, ஆகவேண்டியதைப் பார்த்தார். மலபார் குன்றில், உடலை எரிக்காமல் பறவைகளுக்கு விடும் அவர்களுடைய அமைதிக் கோபுரங்கள் இருக்கும் தோட்டத்துக்கு உடலைக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் வந்துவிடு என்று என்னிடம் சொன்னார்கள். நம் ஊரில் சுடுகாடு வரை முகம் திறந்தேதான் இருக்கும். நெருப்பு வைக்கும் முன்பும் ஒருவர், "மொகம் பாக்காதவுக பாத்துக்கிடுங்க" என்று குரல் கொடுப்பார். அந்த நினைப்பில்தான் நான் மாட்டுங்கா பூக்கடையில் ஆளுயர ரோஜா மாலைக்குச் சொல்லி, அதைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒன்பது வருடம் பார்த்தவருக்கு வெறுங்கையோடு போவதாவது.

போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளை உடுத்தி, உடலைச் சுற்றி, யாரும் தாண்டக் கூடாத கோடு இழுத்தாகிவிட்டது. வாசலில் நின்றவர் என் நெஞ்சுக்கு நேரே கை நீட்டித் தடுத்தார். "அபி நஹி, பாய். சிர்ஃப் பார்சி லோக்." இனிமேல் பார்சிகள் மட்டும்தானாம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். அவர் மாலையைப் பார்த்துவிட்டு, பூவை இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்று பெஞ்சைக் காட்டினார். நான் பூவுக்கு இடம் கேட்டதாக நினைத்துவிட்டார். அந்த முதுகில் ஒன்பது வருடம் தண்ணீர் ஊற்றியவன் நான். ஒரே ஒரு வாரம் இருந்த ஜிம்மி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்களுக்கு மேலே இரண்டு புள்ளிகள் உள்ள நாய். இறந்தவரை நாய் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் சடங்கு. கை நீட்டித் தடுத்தவர் அதற்கு விலகி வழிவிட்டார். என் வாழ்க்கையில் எவர்மீதும் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

சேட்டின் பக்கத்து வீட்டம்மா பானு பாய் வெளியே வந்து என் தோளைத் தொட்டு இந்தியில் சொன்னார்: "கோபப்படாதே இசக்கி. கோடு போட்ட பிறகு நாங்களே தள்ளித்தான் உட்காரணும். இப்படிக் கதவைச் சாத்திச் சாத்தித்தான் இத்தனை காலம் மிஞ்சியிருக்கோம். அதனாலேயே குறைஞ்சும் போயிட்டோம்." எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாத்துவதற்கென்று ஒரு கதவு வைத்திருக்கிறார்களே என்றுதான் ஏக்கமாக இருந்தது.

நாய் வெளியே வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்தது. நான் குனிந்து அதன் முகத்தருகே போய்த் தமிழில் கேட்டேன். "பாத்தியாலே? எப்படி இருந்தாரு? தூங்குத மாதிரி இருந்தாரா?" அது என் கையை நக்கியது. பிடித்திருந்தவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையை அந்த பெஞ்சில் விட்டுவர மனம் வரவில்லை. தோட்டத்திலிருந்து கீழே இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மனைவியிடமிருந்து போன். நடந்ததைச் சொன்னேன்.

"மாலைய என்ன பண்ணுனீய?"

"கையிலதான் இருக்கு."

"ஐயையோ, சாவு மாலைய வீட்டுக்குக் கொண்டாந்துராதீய. புள்ள இருக்கா."

அவள் சொன்னதும் சரிதான். குன்றின் மேல் அது உள்ளே போக முடியாது. லேபர் கேம்பிலும் அது வாசல் தாண்டக் கூடாது. கீழே போட்டால் மிதிப்பார்கள். மழை தூறத் தொடங்கியது. பஸ் வந்து நின்றது. இரண்டு கைகளிலும் மாலையை ஏந்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துக் கண்டக்டர், "ஆனா ஹை க்யா, அண்ணா?" என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; இதை வைத்துக்கொண்டு எங்கே போய் இறங்குவது? பஸ் போய்விட்டது.