லிடியா கையில் ஒரு குமிழ்

சைமன்ராஜுக்கு அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் வேலை. மீட்டர் முள் நடுங்கினால் அவர் மனசும் நடுங்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன், நிலக்கரித் தூசியில் கார்புரேட்டர் அடைத்துக்கொள்கிறது என்று அதைக் கழற்றிக் கடாசிவிட்டு, தன் பழைய பைக்குக்குச் சொந்தமாக ஒரு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் செய்ய உட்கார்ந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

கம்பெனி பைக்கில் இதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். இவர் வைத்தது ஒரு டைமர் சில்லு, நாலைந்து டிரான்சிஸ்டர், ஒரு குமிழ். குமிழைத் திருகிக் கூட்டினால் இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலை அதிகமாகப் பீய்ச்சும், குறைத்தால் குறையும். சூட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சென்சார் வாங்கியதோடு சரி, இன்னும் மாட்டவில்லை. ஸ்பார்க் பக்கத்தில் இருந்தால் சில்லுக்குக் கிறுக்குப் பிடிக்கிறது என்று டப்பாவைப் பின்சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தார். குமிழ், பின்னால் உட்காருகிற மனைவி லிடியாவின் கைக்குத்தான் எட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தாண்டிக்குப்பம் மாதா கோயிலில் லிடியாவின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். லிடியாதான் ஞானத்தாய். அவள் வராமல் சடங்கு நடக்காது.

"பட்டுப்புடவையோட என்னை வண்டி தள்ள வச்சீங்க, நாளைக்கே இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

சைமன்ராஜ் அவளுக்குக் குமிழைத் திருகக் காட்டிக் கொடுத்தார். பிளான்ட் புத்தி போகுமா? கன்ட்ரோல் ரூமில் ஒருத்தர் போடும் உத்தரவை மற்றவர் வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைப்பார். இங்கேயும் அதே சட்டம்.

"நான் குறைன்னு சொன்னா, நீ குறைக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் திருகணும்."

வடக்குத்து கிராமத்தைக்கூடத் தாண்டவில்லை, இன்ஜின் சூடேறி, பெட்ரோல் மிச்சமாகிக் கரும்புகை கக்கியது.

"குறை," என்று கத்தினார் அவர்.

"குறைக்கிறேன்."

"இன்னும் குறை."

"குறைக்கிறேங்க."

டீக்கடையில் நின்றிருந்த ஒருத்தன், "எவ்ளோக்கா குறைப்ப?" என்று கேட்டான். லிடியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழி நெடுக இதே பாட்டு. வண்டி இருமிக்கினே போனாலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது.

ஃபாதர் காத்துக்கொண்டிருந்தார். கலைந்த தலையோடு, காதில் இன்னும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லிடியா குழந்தையை ஏந்தி நின்றாள்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சடங்குப்படி கேட்டார் ஃபாதர்.

"குறைக்கிறேன் ஃபாதர்."

கோயிலே குலுங்கியது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முழுசாவே விட்டுடும்மா," என்றார்.

மானம் போச்சு, வண்டியும் போச்சு என்றே சைமன்ராஜ் முடிவு கட்டிவிட்டார். திரும்பும்போது மெல்லக் கேட்டார்: "பேரீச்சம்பழம்தானா?"

"பேசாம ஓட்டுங்க. உத்தரவெல்லாம் வேணாம், எனக்கும் காது இருக்கு."

சத்தத்தைக் கேட்டு அவளாகவே திருகினாள். குவார்ட்டர்ஸ் வரும்வரை புகையே இல்லை. அவருக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

வந்ததும் வராததுமாய் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, சென்சாரைக் கையில் எடுத்தார்.

"அது எதுக்கு?" என்றாள் லிடியா.

"இத மாட்டிட்டா தானாவே குறைச்சுக்கும். நீ திருக வேணாம்."

"மாட்டாதீங்க. குமிழு இருக்கட்டும்."

"நீ பின்னால இல்லாம நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு நான் எப்படிப் போறது?"

"பஸ்ல போங்க. இந்த வூட்ல இப்பத்தான் ஒண்ணு என் பேச்சக் கேக்குது. அது இருக்கட்டும்."

சைமன்ராஜ் அவளைப் பார்த்தார். "இருக்கட்டும்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு, சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினார்.