காத்திருப்பதற்கு நெரெய்தா சொன்ன சொல்

இஸ்திரிப் பெட்டியின் சூட்டை நெரெய்தா விரலால்தான் பார்ப்பாள். ஆள்காட்டி விரலை நாக்கு நுனியில் தொட்டு, பெட்டியின் அடிப்பக்கத்தில் வைத்த வேகத்திலேயே எடுத்துவிடுவாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அது சரியாக இருந்தால்தான் ஹோட்டல் விரிப்பில் பெட்டியை வைப்பாள். ஆங்கிலம் பேச வேண்டிவந்தாலும் அதே விரல் நாக்குக்குப் போகும். ஈர விரலால் மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சத்தம் வருகிறதா என்று கேட்பதுபோல ஒரு கணம் நிற்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள்.

கார்த்தஹேனா துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புகிற கார்மெலோவின் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரைப் போட்டு, நேர்காணலுக்கு வருகிறவர்களைக் கேமரா முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை சுவரோரமாக இருக்க வேண்டும். நடுவில் நான் ஒரு வார்த்தை சொன்னாலும் நேர்காணல் ரத்து. அதனால்தான் என்னை வைத்திருந்தார். "கவிதை படிக்கிற பய. அடிச்சாலும் பேச மாட்டான்" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

நெரெய்தாவின் புருஷன் எலியேசெர் ஒரு சுற்றுலாக் கப்பலின் சமையலறையில் இருந்தான். ஜனவரியில் போனால் நவம்பரில் வருவான். திரும்பவும் ஜனவரியில் போய்விடுவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ஒரே கப்பலில் வேலை பார்க்கிற தம்பதிக்கு அந்தக் கம்பெனி ஒரே அறை கொடுக்கும். எலியேசெர் அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டான். டிசம்பரில் கப்பலின் சலவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். இவள் ஆங்கில நேர்காணலில் தேற வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக எங்கள் அலுவலகத்தில் நடக்கிற சாயங்கால ஆங்கில வகுப்புக்கு வந்தாள். நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். அங்கே எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற கண்ணிவெடி ஒன்று உண்டு. கர்ப்பிணியை நாங்கள் ஸ்பானிஷில் 'எம்பராசாதா' என்போம். ஆங்கிலத்தில் 'எம்பராஸ்ட்' என்றால் வெட்கப்படுகிறவள். நிறைமாதப் பெண் ஒருத்தி வெள்ளைக்கார டாக்டரிடம் போய் "ஐ ஆம் எம்பராஸ்ட்" என்றாளாம், "இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு" என்றாராம். வகுப்பே உருண்டு சிரித்தது. நெரெய்தா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்:

"அந்த வார்த்தைய நான் செத்தாலும் வாயில எடுக்க மாட்டேன்."

ஆனால் எங்கள் மொழியில் 'எஸ்பெரார்' என்று ஒரு சொல் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் எஸ்பெரார். நல்லது நடக்கும் என்று நம்பியிருந்தாலும் எஸ்பெரார். விருந்தாளியை எதிர்பார்த்தாலும் அதேதான். வயிற்றில் பிள்ளை இருப்பதையும் சில வேளை அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலக்காரன் இதை வெயிட், ஹோப், எக்ஸ்பெக்ட் என்று பிரித்து வைத்திருக்கிறான். நெரெய்தாவுக்கு மூன்றில் எக்ஸ்பெக்ட்தான் பிடித்திருந்தது.

"இதுதான் கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை மாட்டின வார்த்தை மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூலையில் நேர்காணல். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தாள். திரையில் கம்பெனிப் பெண், சிரித்த முகம், மயாமியிலிருந்து. சோப்பு, கறை, வெந்நீர் எல்லாவற்றுக்கும் நெரெய்தா தட்டுத்தடுமாறினாலும் சரியாகவே பதில் சொன்னாள். கடைசியாக அந்தப் பெண், ஏன் இந்தக் கப்பலே வேண்டும் என்று கேட்டாள்.

நெரெய்தா விரலை நாக்கில் தொட்டாள். மேஜையைத் தட்டினாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் இன் த ஷிப். ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்."

அந்தப் பெண்ணின் புருவம் மேலே போனது. "யூ ஆர் எக்ஸ்பெக்டிங்?"

தன் சொல் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் நெரெய்தா தலையைத் தலையை ஆட்டினாள். "யெஸ்! எக்ஸ்பெக்டிங்! ஆல் த நைட்ஸ் எக்ஸ்பெக்டிங்!"

இருமினேன். பலமாக, திரும்பத் திரும்ப இருமினேன். அது ஒன்றுதான் எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. நெரெய்தா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே தன் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள்.

"வென்?" என்று கேட்டாள் அந்தப் பெண், கனிவாக.

"டிசம்பர்!"

"ஓ, கன்கிராஜுலேஷன்ஸ்!"

திரை அணைந்ததும் நெரெய்தா என்னைக் கட்டிக்கொண்டாள். "கேட்டியா தம்பி? கன்கிராஜுலேஷன்ஸ்! நம்ம ஸ்பானிஷ்லயும் அதே வார்த்தைதானே, எனக்குத் தெரியாதா? எடுத்துட்டாங்க!"

சொல்லிவிட்டேன். எக்ஸ்பெக்டிங் என்று ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொன்னால் அங்கே என்ன அர்த்தம் என்று, ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள்.

"போடா, பொறாமைக்காரா. வயித்துல புள்ளையா? எனக்கா? நான்தான் அந்த எம்பராஸ்ட வாயிலயே எடுக்கலையே!" பிறகு அவள் கை தானாகக் கேமரா பக்கம் போய் அதைத் தொட்டது, அதற்குள் அந்தப் பெண் இன்னும் இருப்பதுபோல. "கூப்பிடு அவள. திரும்பக் கூப்பிடு தம்பி."

கூப்பிட நம்பர் கிடையாது. அவர்கள்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். கார்மெலோ அன்றே மின்னஞ்சல் எழுதினார், தப்பு நடந்துவிட்டது என்று. பதில் மரியாதையாக வந்தது: இதை மறைக்கத் தேவையில்லை, தாயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். நெரெய்தா கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். "இல்லாத புள்ளைய இல்லன்னு காட்டறதுக்கு ஊசி குத்திக்கிட்டு வந்திருக்கேன், பாரு" என்று பஞ்சு ஒட்டிய கையைக் காட்டினாள். அந்தக் காகிதத்தையும் அனுப்பினோம். இடம் நிரம்பிவிட்டது என்று இரண்டே வரியில் பதில். கார்மெலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல யாருகிட்டம்மா போறது" என்றார்.

எலியேசெருக்கு அவள் எதையும் சொல்லவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். போன இடத்தில் புத்தி கெட்டுப் பேசினேன் என்று எப்படிச் சொல்வது, வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆகஸ்டிலிருந்து அவன் பேச்சும் குறைந்துபோனது என்று ஒருநாள் அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு நான் போனபோது, இஸ்திரி போட்டபடியே சொன்னாள்.

"சாப்டியாங்கறான். கனமா எதையும் தூக்காதங்கறான். அப்புறம் சும்மா இருக்கான். அங்க எவளாவது இருக்காளோ என்னவோ."

அவள் மடித்த துண்டுகளை அடுக்கிக் கொடுத்தேன்.

நவம்பரில் அவன் வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன் வெகுநேரம் சிரித்தானாம், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. "அவ்வளவு சிரிக்க அதுல என்ன இருக்கு?" என்று என்னிடம் கோபப்பட்டாள். ஜனவரியில் அவன் தனியாகத்தான் திரும்பிப் போனான். அவள் அடுத்த முறைக்கு மறுபடி வகுப்புக்கு வருகிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் பக்கம் திரும்பி, "இது எந்த எஸ்பெரார் தம்பி?" என்கிறாள். விரலை நாக்கில் தொடுவாள், மேஜையைத் தட்டுவாள், நான் சொல்கிறவரை வாயைத் திறப்பதில்லை.

புறப்படுவதற்கு முன் எலியேசெர் காகிதம் எதிலோ கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்திருந்தான். கார்மெலோ உள்ளே போயிருந்த நேரத்தில், பேசாத ஆளிடம் எதையும் சொல்லலாம் என்பதுபோல என்னிடம் சொன்னான். ஜூலைக் கடைசியில் கப்பல் அதிகாரி அவனைக் கூப்பிட்டு, உன் மனைவி கர்ப்பம், அதனால் தம்பதி அறை ரத்து, வாழ்த்துகள் என்று கை கொடுத்தாராம். டிசம்பரில் பிறக்கும் என்றும் சொன்னாராம். ஜனவரியில் வீட்டை விட்டு வந்தவனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? சமையலறைப் பையன்கள் கேக் வெட்டினார்கள். அவனும் ஒரு துண்டு தின்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "எப்படி இருக்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். "எஸ்பெராந்தோ" என்றிருக்கிறாள் அவள், எஸ்பெராரில்தான் இருக்கிறேன் என்று. அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் அவன் இறங்கியபோது பயணப் பெட்டியின் அடியில், வழியில் கோஸுமெல் துறைமுகத்தில் வாங்கிய மஞ்சள் நிறக் குழந்தைத் தொப்பி ஒன்று இருந்தது.