ஜெராக்ஸ் கடைப் போர் விமானி

என் வீட்டுக்காரர் போர் விமானம் ஓட்டுவார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுவார். சாதிச் சான்றிதழுக்கு மனு டைப் அடிக்க வந்தவர்கள் படிக்கட்டு வரை நின்றுகொண்டிருப்பார்கள். இவர் கம்ப்யூட்டருக்குள் எவனோ ஒரு எதிரியைத் துரத்திக்கொண்டிருப்பார். "கொஞ்சம் பொறுங்க, லேண்ட் பண்ணிட்டு வர்றேன்" என்பார். வந்தவர்களும் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று பொறுத்துக்கொள்வார்கள்.

நிஜ விமானத்தை அவர் கிட்டே நின்று பார்த்தது கூடக் கிடையாது. பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போவதென்றாலே கையில் எலுமிச்சம்பழமும் ஜன்னலோர சீட்டும் வேண்டும். இப்படிப்பட்டவருக்கு மிக் இருபத்தொன்று எவ்வளவு வேகத்தில் இறங்கினால் சக்கரம் தாங்கும் என்று தெரியும். ஜாகுவாருக்கு இறக்கையின் மேல்பக்கம் ஏவுகணை மாட்டுவார்கள் என்பதைச் சோறு பிசைந்துகொண்டே சொல்வார். எங்கள் பெண் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்.

இரண்டாயிரத்து நான்கில் பிடித்த பேய் அது. ஆரோவில்லில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா மகன், அங்கே ஒரு வெள்ளைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அதுவரை சீட்டாட்டத்தோடு நின்றிருந்த கம்ப்யூட்டரில் விமான விளையாட்டு ஏறியது. பிறகு காலுக்குப் பெடல் வேண்டும் என்றார். நிஜ விமானிக்குக் காலிலும் வேலை உண்டாம். ஒருநாள் நான் ரவிக்கை தைக்க உட்கார்ந்தால் தையல் மெஷினுக்குக் கீழே மிதிபலகை இல்லை. கடைக்குப் போய்ப் பார்த்தால் அது வெல்டிங் போட்டு, ஸ்பிரிங் மாட்டி, அவர் காலடியில் கிடக்கிறது. "ஏங்க, இது உங்களுக்கே நல்லாருக்குதா?" என்றேன். "ரட்டர் இல்லாம எப்படிம்மா திருப்புறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கால் இல்லாத மெஷினைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பறக்கும்போது கரண்ட் போனால் அன்றைக்கு வீட்டில் துக்கம்தான். "விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். ரசம் இறங்காது. யுபிஎஸ் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா கேப்டன், குதிச்சிட்டியா?" என்பார். கிண்டல்தான். ஆனால் கேப்டன் என்ற அந்த ஒரு வார்த்தையில் இவருக்கு முகம் மலர்ந்துவிடும். போகப் போக டீக்கடையிலும் கேப்டன், பஸ் ஸ்டாண்டிலும் கேப்டன். நாலு பேர் கிண்டலாகக் கொடுத்த பட்டத்தை இவர் நிஜமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் அலை வந்தது. கடலோரத்து ஜனங்களைக் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். நானும் மற்ற பெண்களும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இவர் வாளியை வைத்துவிட்டு வெளியே ஓடினார். "சேத்தக் ஹெலிகாப்டர் கிடையாது, இது எம்.ஐ. எட்டு. சத்தத்துலயே சொல்லிடுவேன்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் அனுமந்தை குப்பத்துப் பெண் ஒருத்தி ஈரப் புடவை மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் ஹெலிகாப்டரைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு இவருக்கு ஒரு புது யோசனை. விளையாட்டில் எப்போதும் ஐரோப்பாவும் பாலைவனமும்தானே வருகிறது, நம் ஊரையே உள்ளே கொண்டுவந்தால் என்ன? அதற்கென்று ஒரு சாப்ட்வேரும் வைத்திருந்தார். கடலை நீலமாகப் பூசினார், ஈசிஆர் ரோட்டைக் கறுப்பாக இழுத்தார், உப்பளங்களை வெள்ளைக் கட்டங்களாக அடுக்கினார். நிலத்தில் இறங்கி ஒரு வரப்பைக்கூடப் பார்க்கவில்லை. கையில் மவுஸ், வாயில் பாக்கு, அவ்வளவுதான். கோயிலுக்குப் பதிலாக விளையாட்டிலேயே கிடந்த ஏதோ வெள்ளைக்கார ஊர்க் களஞ்சியத்தைத் தூக்கி வைத்தார்.

சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்துவிட்டுச் சொன்னேன். "எங்க அக்கா அளத்து வரப்பு பாதியில வளையுமே, நேரா போட்டிருக்கீங்க."

"இதுல நேர்கோடுதான் சுலபமா வரும். மேலேர்ந்து பாத்தா வளைவெல்லாம் தெரியாதும்மா."

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், குண்டு போட்டுப் பழகவாம். கட்டம் கட்டமாக இருப்பதால் குறி பார்க்க வசதியாம். ஊரே வெயிலில் வெந்து உப்பு எடுக்கிற இடம் இவருக்குக் குறி பார்க்கக் கிடைத்திருக்கிறது.

அந்த வளைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அக்காவுக்கு ஒரு சின்ன உப்பளம் இருந்தது. மாமா போன பிறகு அவளே ஆள் வைத்து, அவளும் இறங்கி, நடத்திக்கொண்டிருந்தாள். அவள் அளத்துக்கும் பக்கத்து அளத்துக்கும் பொதுவாக ஒரு வரப்பு. அது நடுவில் முழங்கை மாதிரி பக்கத்துக்காரர் பக்கம் வளைந்து வாய்க்காலைத் தொடும். தொடுகிற இடத்தில் அக்காவின் மடை. உப்பங்கழியிலிருந்து வரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் அவள் பாத்திக்கு ஏறும். அவளுடைய மாமனார் காலத்திலேயே இரண்டு வீட்டாரும் பேசி முடித்த ஏற்பாடு. அந்த வளைவு இல்லையென்றால் அக்காவுக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது, பக்கத்து அளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எங்கள் பக்கம் மழையில் கரைந்த வரப்பைத் தை மாதத்தில் மறுபடி எழுப்புவார்கள். பொது வரப்பென்றால் இரண்டு பக்கத்துக்காரரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கை சேறு அள்ளி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அதுதான் எல்லை. பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. மற்ற வருஷங்களில் பழைய வரப்பின் தடம் மேடாகக் கொஞ்சமாவது தெரியும், அதன் மேலேயே வைப்பார்கள். அந்த வருஷம் அலை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சேறு.

பக்கத்து அளத்துக்காரர் சேற்றை அள்ளிக்கொண்டு நேர்கோட்டில் போய் நின்றார். அக்கா வளைவில் நின்றாள். "வளைவா? எங்க இருந்துச்சு? எனக்கு நெனப்பு இல்லியேம்மா" என்றார் அந்த மனுஷன். ஒவ்வொரு தையிலும் அந்த வளைவில் தன் கையால் சேறு வைத்தவர்தான். அலையோடு அவர் ஞாபகமும் போய்விட்டது போலிருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் கூடினார்கள். அந்த நேரத்தில் பேப்பரில் அலைக்கு முன்னால், அலைக்குப் பின்னால் என்று வானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு படம் எங்கேயோ இருக்கிறது என்று டீக்கடையில் எல்லாருக்கும் நம்பிக்கை. யாரோ ஒருத்தர், "அட, நம்ம கேப்டன் கம்ப்யூட்டர்ல நம்ம ஊரு மேலேர்ந்து அப்படியே தெரியுதுப்பா, அலைக்கு முன்ன இருந்த மாதிரியே" என்றார். தீர்ந்தது. பெரியவர்கள், பக்கத்து அளத்துக்காரர், அக்கா, எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கேரியரோடு போன நானும் மாட்டிக்கொண்டேன்.

இவருக்கு அன்றைக்கு வாழ்வு வந்துவிட்டது. ஹெட்போனை மாட்டினார். ஒவ்வொரு ஸ்விட்சாகச் சொல்லிச் சொல்லிப் போட்டார். எந்திரிக்க வேண்டிய இடத்தில் விமானம் எந்திரித்தது. கடல் மேல் ஒரு சுற்று சுற்றி இடது பக்கம் சாய்ந்ததும் வெள்ளைக் கட்டங்கள் வந்தன. பெரியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "அதோ பாரு, நம்ம மாரியாத்தா கோயிலு" என்றார் ஒருத்தர். வெள்ளைக்காரன் களஞ்சியத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். களஞ்சியத்தைக் கும்பிடுகிறவர்கள் வரப்பை எங்கே பார்க்கப் போகிறார்கள்?

"அந்தப் பக்கம் வுடுப்பா" என்றார் பக்கத்து அளத்துக்காரர். இவர் விமானத்தைத் தாழ்த்தி அக்காவின் அளத்துக்கு மேலே கொண்டுபோனார். வரப்பு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கிடந்தது.

"நேராத்தான் இருக்குது" என்றார் ஒரு பெரியவர்.

நான் சும்மா இருக்கவில்லை. "அது போட்டோ இல்லீங்க. இவரே மவுஸால போட்ட கட்டம்ங்க. கோயிலும் நம்ம கோயில் இல்லீங்க" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. கூடப் பொறந்தவ, அக்கா பக்கம்தான் பேசுவ. கேப்டன் சொல்லட்டும்" என்றார் அவர்.

அக்கா இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி, எங்க அளத்துக்கு நீங்க வந்திருக்கீங்க. மடைகிட்ட உக்காந்து சாப்ட்டிருக்கீங்க. அங்க வளைவு இருந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை ஜாய்ஸ்டிக்கை விடவில்லை. மூன்று பெரியவர்களும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவருடைய வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"படத்துல நேராத்தான் இருக்குது, அண்ணி" என்றார்.

பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. படத்தில் நேராகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஒரு பொய்யைத் தைரியமாகச் சொல்லியிருந்தாலாவது பிடித்து உலுக்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் விடவில்லை. "ஏங்க, நான் வரைஞ்சதுதான்னு வாயத் தெறந்து சொன்னா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"அவ்ளோ பேரு நம்பிப் பாக்கும்போது எப்படிம்மா சொல்றது? இன்னா நெனப்பாங்க?"

"எங்க அக்கா இன்னா நெனப்பா?"

"அவங்க தப்பா நெனைக்க மாட்டாங்க. தங்கமானவங்க" என்றார். தங்கமானவளாம். தங்கமானவள் என்று தெரிந்துதானே அவள் தலையில் கை வைத்தார்.

மறுநாள் சேறு வைத்தார்கள். நானும் போயிருந்தேன். நேர்கோட்டில் பக்கத்து அளத்துக்காரர் ஒரு கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அக்காவும் வைக்க வேண்டும். அவள் வைக்காவிட்டால் வரப்பு எழும்பாது. வரப்பு எழும்பாவிட்டால் அந்த வருஷம் உப்பு கிடையாது. குனிந்து ஒரு கை அள்ளி, அந்த ஆளுடைய சேற்றின் மேலேயே வைத்து, இரண்டு தட்டுத் தட்டினாள். மடை இருந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் போய்விட்டது.

அதிலிருந்து தண்ணீருக்கு அக்கா பக்கத்து அளத்துக்காரர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் முடியாது என்று சொல்ல மாட்டார். சிரித்த முகத்தோடு, "எங்க பாத்தி ரொம்பட்டும்மா, அப்புறம் வுடுறேன்" என்பார். அவர் பாத்தி ரொம்பி, உப்பு பூத்து, வாரிக் குவித்த பிறகு அக்கா பாத்திக்குத் தண்ணீர் வரும். அதற்குள் அவள் மிதித்து மிதித்து இறுக்கி வைத்த தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். மறுபடி மிதிக்க வேண்டும். காலெல்லாம் புண். ஒரு பருவம் தாக்குப்பிடித்தாள். இரண்டாயிரத்து ஆறு தையில் அளத்தை அந்த ஆளிடமே விட்டுவிட்டு, அவர் அளத்தில் கூலிக்கு இறங்கினாள். அவர் அளம் என்றால் அதில் அவளுடையதும்தான்.

நான் இவரோடு சரியாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. எப்படியாவது என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒருநாள் காலையில் அக்காவையும் என்னையும் கடைக்கு வரச் சொன்னார். உப்பளத்துக்குப் போகிற வழியில், தலையில் சும்மாட்டுத் துணியோடு அக்கா வந்தாள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விமானத்தைக் கிளப்பி, கடலைச் சுற்றி, அளத்துக்கு மேலே மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாருங்க அண்ணி. ஒரு வாரமா உக்காந்து செஞ்சேன்."

வரப்பு வளைந்திருந்தது. முழங்கை மாதிரி, அப்படியே. வாய்க்காலைத் தொடுகிற இடத்தில் மடையைக்கூட வைத்திருந்தார், மரப் பலகையோடு. நிஜமாகவே நன்றாகச் செய்திருந்தார். இதை எதற்கு ஒளிக்க வேண்டும்?

அக்கா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். மடை இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல தண்ணி வருமா, தம்பி?"

கேள்வி அவருக்கு எந்தப் பக்கமும் குத்தவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அப்புறம் வருத்தத்தோடுதான் சொன்னார்: "இந்த வெர்ஷன்ல தண்ணி ஓடாதுங்க அண்ணி. வெறும் கலர்தான்."

"சரி தம்பி, நேரமாவுது" என்று அக்கா எழுந்து, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து அளத்துக்காரருக்குப் பாத்தி மிதிக்கப் போனாள்.